பீலியடியில் ஒரு கொப்பி

போன வருஷம் ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் நீர்வேலிக்குப் போயிருந்தோம். இரண்டு பேர் ஆசிரியர்கள். ஒருவர் தோட்டத் தலைவர், ஒருவர் மாதர் சங்கத் தலைவி. 1977 வன்செயலுக்குப் பிறகு எங்கள் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போன ஒரு குடும்பத்தின் பேத்தி நீர்வேலியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அவருடைய பிள்ளையின் காதுகுத்துக்குத்தான் போனோம். சங்க வேலையாகப் போகவில்லை. ஆனால் திரும்பி வரும்போது கையில் சங்க வேலை ஒன்று இருந்தது.

முதல் நாள் காலையிலேயே ஒரு சொல் எங்களைச் சிரிக்க வைத்தது. "தோட்டத்துக்குப் போட்டு வாறன்" என்று அந்த வீட்டுப் பெரியவர் மண்வெட்டியோடு புறப்பட்டார். எங்கள் தலைவி, "இங்கேயும் தோட்டமா ஐயா, எத்தனை மணிக்குப் பெரட்டு?" என்று கேட்டுவிட்டார். யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் கிணறும் வாழையும் வெங்காயமும் உள்ள நான்கைந்து பரப்புச் செம்மண். துரை இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை, அரைப் பேரும் இல்லை. நமக்குத் தோட்டம் என்றால் நாலு தலைமுறையாக உழைத்தும் நமக்குச் சொந்தமாகாத மலை. ஒரே சொல், ஒரே நாடு. அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே சொல்ல வந்தது அந்தப் பெரியவரின் கொப்பியைப் பற்றி.

கிணற்றடியில் மோட்டர் வைத்திருக்கும் சின்னக் கொட்டிலுக்குள் ஒரு கொப்பி தொங்கியது. பிள்ளைகள் கணக்குப் போடும் சதுரக் கோட்டுக் கொப்பிதான். மாதத்தில் ஒரு நாள் முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கித் தண்ணீர் எத்தனை முடிச்சில் நிற்கிறது என்று அதில் எழுதுகிறார். எத்தனை மணி நேரம் இறைத்தார், எத்தனை அந்தர் யூரியா போட்டார், எத்தனை குலை வெட்டினார் என்பதும் அதில் உண்டு. மோட்டருக்கான எண்ணெய்க் காசுக் கணக்குப் பார்க்கத் தொடங்கியது, பிறகு பழகிவிட்டது என்றார். ஆராய்ச்சி என்ற சொல்லை அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை.

குடாநாட்டில் ஆறு ஓடாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குவதுதான் வருஷம் முழுவதற்கும் குடிக்க, குளிக்க, வாழைக்குப் பாய்ச்ச. அந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் படலம் போல மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். பக்கத்தில் நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைக் காட்டினார்கள். அடியற்ற கிணறு என்பார்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். சுண்ணக்கல் வெடிப்பும் துளையும் உள்ளது என்பதால் மேலே எதைக் கொட்டினாலும் கீழே போய்ச் சேர்ந்துவிடும். மலசலகூடக் குழியும் போகும், வாழைக்குப் போட்ட உரமும் போகும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதை 1980களில் இருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் அது கூடினால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றினால் செறிவு கூடத்தான் செய்யும்.

மேற்கே சில கிலோமீற்றரில் சுன்னாகம். அங்கே அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2014, 2015 இல் சனங்கள் வீதியில் இறங்கினார்கள். மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஆபத்தான மாசு இல்லை என்று சொன்னது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வோ, சோதித்த கிணறுகளில் பெரும்பங்கில் எண்ணெயும் கிறீசும் எல்லை மீறி இருப்பதாகச் சொன்னது. சுற்றாடல் அமைப்பு ஒன்றின் சார்பில் 2015 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடப்பட்டது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. நிலையத்தை நடத்திய கம்பனி பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்காக 2 கோடி ரூபா கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பட்ட நட்டத்துக்கு அது ஈடா என்று கேட்டால் இல்லை என்பார்கள் அங்குள்ளவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊர்வலம் போயிருக்காவிட்டால் அந்த விஷயத்தை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். திரும்பிப் பார்த்த பிறகு வழக்கு நின்றது, எந்தக் கிணற்றில் எந்தத் திகதியில் எடுத்த தண்ணீரில் எவ்வளவு இருந்தது என்ற பட்டியலின் மேல்தான்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் சொன்ன பேச்சுத்தான் எங்களோடு மலை ஏறி வந்தது. "எண்ணெய் வந்ததெண்டு சனம் றோட்டில இருந்தது சரிதான் தம்பி. ஆனா யூரியா ஆர் போட்டது? நாங்கள்தானே. அதையும் எழுதினாத்தானே கேக்கிறவன் நம்புவான்."

ஊருக்கு வந்ததும் சங்கக் காரியாலயத்தில் எங்கள் தோட்டத்துக் கோப்பை எடுத்துப் பார்த்தோம். எங்கள் மேல் கணக்கு லயங்களுக்கு ஒரே பீலி. வெயில் மாதங்களில் தண்ணீர் நூலாக வரும். அதற்காக 11 வருஷத்தில் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள் 14 இருந்தன. துரைக்கு, பிரதேச சபைக்கு, பிரதேச செயலகத்துக்கு, தேர்தல் காலத்தில் அமைச்சர்களுக்கு. எல்லாம் "மேன்மை தங்கிய ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கி "ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடிகின்றன. மக்கள் சொல்லொணாத் துயரம் அனுபவிப்பதாக எல்லாவற்றிலும் இருக்கிறது. எத்தனை குடும்பம் என்று ஒன்றிலும் இல்லை. எந்த மாதம், எவ்வளவு தண்ணீர், பீலி யாருடைய நிலத்தில் இருக்கிறது, எதைச் செய்தால் தீரும் என்றும் இல்லை. "புதிய நீர் வழங்கல் திட்டம் ஒன்றை அமைத்துத் தருமாறு" மட்டும் இருந்தது. மூன்று பதில் வந்திருக்கிறது. மூன்றும் "நிதி கிடைத்ததும் கவனிக்கப்படும்".

இதில் மற்றவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அந்த 14 இல் 5 எங்கள் கையெழுத்து. இலக்கணப் பிழை இல்லாமல் எழுதியிருந்தோம் என்பது மட்டும்தான் ஆறுதல்.

ஒரு விஷயத்தை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். அந்தக் கடிதங்களில் நான்கு பிரதேச சபைக்குப் போனவை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பெருந்தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை தன் காசைச் செலவிடுவதற்கு அதுதான் தடையாக நின்றது. நாம் சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் வரலாம், ஆனால் சபை நம் லயத்துக்கு ஒரு குழாய் போட முடியாது. இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாமல் நாம் சபைத் தலைவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அவரும் தெரிந்தோ தெரியாமலோ "பார்ப்போம்" என்றார். அந்தப் பிரிவைத் தேடிப் படித்து, இன்ன வசனம் இன்ன வேலையைத் தடுக்கிறது என்று எடுத்துக்காட்டி, அதைத் திருத்த வேண்டும் என்று மலையகத்தில் சில அமைப்புகளும் சட்டம் தெரிந்தவர்களும் பல வருஷம் எழுதினார்கள், பேசினார்கள். 2018 இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தோட்டத்துக்குள் சபை வேலை செய்ய வழி பிறந்தது. ஏன் முடியாது என்பதைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் கை வைத்தவர்கள் அவர்கள்.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றும் அப்படித்தான். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேசங்களில் ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்துக்கு மேல் சனம். நாட்டின் வேறு பகுதிகளில் அதில் நாலிலொரு பங்கு சனத்துக்கே ஒரு சபை இருந்தது. மலையக மக்களுக்கு அநீதி என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தவரை அது மேடைப் பேச்சு. சனத்தொகைக் கணக்கைப் பக்கம் பக்கமாக வைத்துக் கேட்டபோது மறுக்க முடியாமல் போனது. 2018 பெப்ரவரித் தேர்தலுக்கு முன் இரண்டு சபைகள் ஆறாயின. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று இன்று பெயர்ப்பலகை தொங்குகிற சபைகள் அப்படி வந்தவை. சபை வந்தும் என்ன கிழித்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு சண்டை, அதையும் போடலாம்.

"எழுதி என்ன ஆகப் போகிறது, வேலையை நிறுத்தினால் தானாக வருவான்" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி சொன்னார். அவர் கோபம் நியாயமானது. வேலைநிறுத்தம் நம் கையில் உள்ள கடைசி ஆயுதம், அதைத் துருப்பிடிக்க விட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் முல்லோயாவை நினைத்துப் பார்ப்போம். 1940 ஜனவரியில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தார். அதன் பிறகு ஒரு விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. அங்கே கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்று பொலிசாரைக் கேள்வி கேட்டார். யார் எங்கே நின்றார்கள், எத்தனை பேர், எந்த நேரம் என்ற சாட்சியத்தைத்தான் அங்கே கேட்டார்கள். அதற்கும் முன்பே கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து லயங்களைத் தன் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் எழுதினார், அதன் பிறகுதான் சங்கம் கட்டினார். துரைமார் அவருக்குப் பயந்தது அவர் குரலுக்காக மட்டும் இல்லை.

சம்பள விஷயத்தில் நேற்று நடந்தது மறந்திருக்காது. 2024 இல் மே தினத்தை ஒட்டி 1,700 ரூபா வர்த்தமானி வந்தது, பட்டாசு வெடித்தோம். கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் நாள் சம்பளம் 1,350 என்று வேறு வர்த்தமானி வந்தது. கம்பனிகள் எப்போதும் கட்டுக்கட்டாகத் தாள் வைத்திருக்கின்றன: உற்பத்திச் செலவு, ஏல விலை, கென்யாவில் ஓராள் பறிக்கும் கிலோ. நம் பக்கம் ஒரு குடும்பத்தின் மாதச் செலவுக் கொப்பி ஆயிரம் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும் என்று நாங்கள் நம்புகிறோம். அதைத் தொடங்க இன்னும் காலம் கடக்கவில்லை.

சரி, பீலிக்கு வருவோம்.

இந்த வருஷம் மாசி மாதம் நாங்கள் அளந்தோம். கருவி என்று எதுவும் இல்லை. 20 லீற்றர் கேன் ஒன்று, கைப்பேசியில் உள்ள மணிக்கூடு, ஒரு சதுரக் கோட்டுக் கொப்பி. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் முறை வைத்து எழுதினார்கள். (கணக்குப் பாடத்தில் விகிதம் வரும் இடம் அது. பாடமும் நடந்தது என்பதை அதிபருக்கு இங்கே தெரிவித்துக்கொள்கிறோம்.) ஒரு கேன் நிறைய 6 நிமிஷம். அப்படியானால் மணிக்கு 10 கேன், 200 லீற்றர். அந்த லயங்களில் 46 வீடு, 203 பேர்.

இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், தண்ணீர் குறைவு. ஆனால் பிள்ளைகள் ஆட்கள் வரும் நேரத்தையும் எழுதியிருந்தார்கள். காலையில் 4 மணிக்கு முதல் ஆள் வருகிறார். 7 மணிக்குள் பெரட்டுக்குப் போக வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் பீலி தரக்கூடியது 30 கேன். வீடு 46. அதாவது ஒரு வீட்டுக்கு ஒரு கேன் என்று வைத்தாலே 16 வீடு வெறும் கேனோடு திரும்ப வேண்டும், அல்லது பிந்திப் போக வேண்டும். பிந்தினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் மாதர் தலைவி 20 வருஷமாக அந்த வரிசையில் நிற்பவர். கணக்கைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நாம சண்டை புடிச்சது ஒருத்தர ஒருத்தர் இல்ல, இந்தக் கணக்கோட" என்றார்.

இரவு 10 மணிக்குப் பிறகு பீலியில் ஆள் இல்லை. 10 முதல் 4 வரை 6 மணி நேரம் தண்ணீர் கானில் ஓடுகிறது. 1,200 லீற்றர், 60 கேன். 11 வருஷமாக நாம் கோடிக்கணக்கில் திட்டம் கேட்டுக்கொண்டிருந்தபோது, தினமும் இரவில் 60 கேன் தண்ணீர் நம் தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. 2,000 லீற்றர் தாங்கி ஒன்றும் நான்கு குழாயும் இருந்தால் காலை 4 மணிக்கு அந்த 60 கேனும் தயாராக நிற்கும். அதற்கு மேல் வருகிற 30. மொத்தம் 90 கேன், 46 வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டிரண்டு. நான்கு குழாய் ஏன் என்றால், ஒரே குழாய் வைத்தால் தாங்கி நிறைந்திருந்தும் வரிசை வரிசையாகவே இருக்கும். இதையும் ஒரு பிள்ளைதான் சொன்னது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபை சொல்லும் அளவு. நம் பீலியில் இரவுத் தண்ணீரையும் சேர்த்தால் கூட மாசி மாதம் ஆளுக்கு 24 லீற்றரைத் தொடாது. ஆகவே இரண்டாவது ஊற்று ஒன்றைத் தேட வேண்டியது வேண்டியதுதான். ஆனால் தாங்கி இந்த வருஷமே வைக்கக்கூடியது. இரண்டாவது ஊற்று அடுத்த வருஷக் கேள்வி. இரண்டையும் ஒரே வசனத்தில் கேட்டால் பெரியதைக் காரணம் காட்டிச் சின்னதையும் தள்ளிப்போடுவார்கள். 11 வருஷம் அதுதான் நடந்தது.

அடுத்து தண்ணீரின் தரம். இங்கேதான் நீர்வேலி எங்களைக் கொஞ்சம் வழி தவற வைத்தது. பீலிக்கு மேலே மூன்று குடும்பம் மரக்கறி போடுகிறது, லீக்ஸும் உருளைக்கிழங்கும். உரமும் மருந்தும் தாராளமாகப் போகிறது. பெரியவர் சொன்னதை மனதில் வைத்து, எங்கள் தண்ணீரிலும் யூரியாதான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டோம். மனுவில் அந்தப் பந்தியை எழுதியும் விட்டோம். மூன்று குடும்பமும் எங்களோடு பேச்சை நிறுத்தின. பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். வந்த முடிவில் நைத்திரேற்று எல்லைக்குள் இருந்தது. இருக்கக் கூடாதது கோலிபோர்ம் கிருமி. மேலே ஏறிப் பார்த்தால் ஊற்றுக் கண்ணுக்குச் சில அடி மேலே இரண்டு மாட்டுக் கொட்டில், சாணம் மழைக்கு நேரே இறங்குகிறது. எழுதிய பந்தியைக் கிழித்தோம். மூன்று வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டோம். அளக்காமல் எழுதினால் சொந்தச் சனத்துக்கே எப்படி அநியாயம் செய்வோம் என்பதற்கு அந்தக் கிழிந்த தாள் இன்னும் எங்கள் கோப்பில் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி வீடு வீடாகச் சொன்னோம். இந்தக் கிருமி கொதியில் சாகும், யாழ்ப்பாணத்து நைத்திரேற்று போல அல்ல. மருந்துத் தெளிப்பைப் பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு வேறு சோதனை வேண்டும், அதையும் மனுவில் கேட்டிருக்கிறோம்.

மாட்டுக் கொட்டில் விஷயத்தை மனுவில் போடலாமா கூடாதா என்று சங்கக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாதம். "நம்ம குத்தத்த நாமளே எழுதிக் குடுத்தா துரை அதையே புடிச்சிக்குவாரு" என்றார் ஒரு தலைவர். அவர் அனுபவசாலி, சொன்னது நடக்கக்கூடியதுதான். எங்கள் பதில்: எழுதாவிட்டாலும் துரை அதைத்தான் சொல்லப் போகிறார். மலையில் நடந்து போகிற யாருக்கும் கொட்டில் கண்ணில் படும். நாம் முதலில் சொல்லி, கொட்டிலை மாற்ற இன்ன இடத்தில் இவ்வளவு நிலம் கொடுங்கள் என்று கேட்டால் அது கோரிக்கை. அவர் முதலில் சொன்னால் குற்றச்சாட்டு. கடைசியில் எழுதுவது என்று முடிவானது. ஒருமனதாக அல்ல.

இனி, யாரிடம் கேட்பது? 1970களில் அரசு எடுத்த தோட்டங்கள் 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, குழாய் போடச் சட்டம் இப்போது சபைக்கு இடம் கொடுக்கிறது. அதனால் ஒரே மனுவில் மூன்று பேரையும் "ஆவன செய்யுமாறு" கேட்காமல், ஒவ்வொருவரிடமும் அவரால் ஆகக்கூடிய ஒன்றை மட்டும் கேட்டிருக்கிறோம். தாங்கி வைக்கவும் கொட்டில் மாற்றவும் இடம், நிர்வாகத்திடம். தாங்கியும் குழாயும், சபையிடம்; கடைத்தெருவில் வாங்கிய மூன்று விலைமனுவோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர்ச் சோதனை, சுகாதாரப் பக்கத்திடம். கூலி வேலை முழுக்க நம்முடையது, சிரமதானம். இரண்டு நாளில் எத்தனை பேர் என்று பெயரும் போட்டிருக்கிறோம். மனு இரண்டு பக்கம். கொப்பியின் பிரதி பின்னால் இணைப்பாக. துயரம் என்ற சொல் ஓர் இடத்தில்தான் வருகிறது, அது போதும் என்று நினைத்தோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்துங்கள். 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. சபையிடம், பிரதேச செயலகத்திடம், அமைச்சிடம் நம் பகுதிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எங்கே செலவழித்தீர்கள் என்று தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. நாங்கள் ஓர் அலுவலகத்துக்குப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் சிங்களத்தில் வந்தது. தமிழில் கேட்டு மறுபடி எழுதினோம், வந்தது. அதில் எங்கள் பிரிவுக்குத் "தண்ணீர்த் திட்டம் நிறைவு" என்று ஒரு வரி இருக்கிறது. எந்த வருஷம், எந்த இடத்தில் நிறைவு என்று இப்போது கேட்டிருக்கிறோம்.

சங்கம் சம்பளத்தைப் பார்க்காமல் தண்ணீர்த் தாங்கியைப் பார்ப்பதா என்று கேட்பவர்களுக்கு: அந்த 16 வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். பீலியில் பிந்திய காலை எத்தனை அரைப் பேராக மாறியது என்பதைச் செக்ரோலோடு வைத்துப் பார்க்கும் வேலையைத்தான் அடுத்து எடுத்திருக்கிறோம். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் கொண்டு வந்து தாருங்கள்.

மற்றத் தோட்டங்களில் இருந்தும் கேட்கிறார்கள், உங்கள் மனுவின் பிரதியைத் தாருங்கள், பெயரை மாற்றி அனுப்புகிறோம் என்று. பிரதி தருகிறோம், ஆனால் பெயரை மட்டும் மாற்றி அனுப்ப வேண்டாம். உங்கள் பீலி இரவில் ஓடுகிறதா என்று எங்களுக்குத் தெரியாது. உங்கள் லயத்துக்கு மேலே இருப்பது மாட்டுக் கொட்டிலா, மலசலகூடக் குழியா, தேயிலைக்கு அடிக்கும் களைகொல்லியா என்றும் தெரியாது. நாங்கள் நீர்வேலியைப் பார்த்து எழுதிக் கிழித்தது போல நீங்களும் கிழிக்க நேரும். அளப்பதற்கு ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் வருகிறோம். கேன் உங்களிடம் இருக்கும், கொப்பி நாங்கள் கொண்டு வருகிறோம்.

எங்கள் மனு இன்னும் போகவில்லை. 46 வீட்டில் 45 கையொப்பம் ஆகிவிட்டது. ஒரு கொட்டில்காரர் மாற்றச் சம்மதித்தார். மற்றக் கொட்டில் ஓர் அம்மாவுடையது. புருஷன் இல்லை, இரண்டு பசு, பால் காசில்தான் மகன் உயர்தரம் படிக்கிறான். "இடம் குடுப்பாங்கன்னு நீங்க எழுதுறீங்க சேர், குடுக்காட்டி எம் மாட்ட எங்க கட்டுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இடம் கொடுத்த பிறகே கொட்டில் மாற்றப்படும் என்ற வரியை மனுவில் சேர்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அதை அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறோம்.